மண்ணும் பட்டமும்: வாசகர் கேள்வி–பதில்

நிலத்துக்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுப்பது குறித்துச் சென்ற இதழில் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பாதிக்கு மேல், ‘பக்கத்து மாவட்டத்தில் நன்றாக வருகிறதே, என் நிலத்தில் வருமா?’ என்ற ஒரே ஐயத்தின் வெவ்வேறு வடிவங்களாக இருந்தபடியால், ஒன்றோடொன்று ஒட்டியவற்றைச் சேர்த்து இங்கே விடை தந்திருக்கிறேன். விலை, கடன், மானியம் பற்றியவை அடுத்த இதழுக்கு.

கேள்வி (விளாத்திகுளம் வட்டாரத்திலிருந்து): எங்களுக்கு ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசல். உளுந்து, பருத்தி, மிளகாய், கொத்தமல்லி என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் என் சம்பந்தி அங்கே மானாவாரியிலேயே நிலக்கடலை எடுக்கிறார். ‘உங்கள் மண் எங்கள் மண்ணைவிடச் சத்துள்ளது, கடலை போட்டால் அள்ளலாம்’ என்கிறார். போடலாமா?

பதில்: உங்கள் சம்பந்தி சொன்னதில் முற்பாதி சரி. ஈரத்தைப் பிடித்துவைக்கும் வலுவிலும், சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) கையிருப்பிலும் கரிசல் பெரும்பாலான செம்மண் நிலங்களைவிட மேலானதுதான். ஆனால் நிலக்கடலைக்கு வேண்டியது சத்து மட்டுமன்று. இளகி வழிவிடும் மேல்மண்ணும் வேண்டும். கடலை மேலே பூத்துக் கீழே காய்ப்பது. பூ கருவுற்றபின் ஊசிபோன்ற விழுது ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து உள்ளே போய்த்தான் காயாகிறது. செம்மண் கலந்த மணற்சாரி நிலத்தில் அதற்குத் தடையில்லை. கரிசலோ நனைந்தால் பசையாக ஒட்டும், காய்ந்தால் கல்லாக இறுகும்; விழுது இறங்க வேண்டிய நேரத்தில் மேல்மண் காய்ந்திருந்தால் பாதி விழுதுகள் வெளியிலேயே கருகிப்போகும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், உங்கள் நிலம் போன்ற ஒரு கரிசல் காட்டில் கடலை போடுமாறு நானே பரிந்துரைத்தேன். கொடி தளதளவென்று வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பு மழை நின்று மண் இறுகிவிட்டது. பிடுங்கியபோது கையோடு வந்தது வெறும் கொடி. காய் முழுவதும் மண்ணிலேயே அறுந்து நின்றது. நிலத்துக்கார அம்மா ஒன்றும் பேசவில்லை. கடப்பாரையால் ஒரு கட்டியைப் பெயர்த்து, அதன் முதுகால் தட்டி உடைத்து என்னிடம் நீட்டினார். உள்ளே நான்கு காய்கள் சுவரில் பதித்த கிளிஞ்சல்போல இருந்தன. அவற்றைத் தோண்டி எடுக்க ஆகும் கூலி காயின் விலையைவிட அதிகம் என்பதை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது மழை பெய்யும் விதத்தைப் பொறுத்தது. திருவண்ணாமலைப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களிலேயே மாலை நேரத்து இடிமழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்குகிறது. பின்னர் ஐப்பசி, கார்த்திகை மழையும் தொடர்கிறது. செம்மண்ணுக்கு அதிக நீரைச் சேமிக்கும் வயிறு இல்லை. ஆனால் சிறு தூறலையும் அது வீணாக்காமல் உடனே உள்ளே இழுத்துப் பயிருக்குக் கொடுத்துவிடும். அடிக்கடி சிறிது சிறிதாகக் கிடைக்கும் மழைக்கு அதுவே தக்க மண். உங்கள் பகுதியிலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை சில பெருமழைகளாக இறங்கி ஓய்ந்துவிடுகிறது. அப்படிக் கொட்டும் நீரை வாங்கி வைக்கக் கரிசலைப் போன்ற களஞ்சியம் இல்லை. கோடையில் அதில் விழும் வெடிப்புகளின் வழியே முதல் மழை ஆழத்துக்கு இறங்குகிறது; பிறகு களி உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன; உள்ளே போன நீர் மாசி வரை வெளியேறாமல் கிடக்கிறது. அதே கரிசலில் 10 மில்லிமீட்டர் தூறல் விழுந்தால் மேலே இரண்டு விரற்கடை நனைந்து மறுநாளே காய்ந்துவிடும். பயிருக்கு ஒரு பயனும் இராது. சம்பந்தியின் மண்ணும் உங்கள் மண்ணும் இடம் மாறினால் இருவருமே தோற்றுப்போவீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இதைப் பார்த்தால், உங்கள் முன்னோர் வைத்திருந்த பயிர்வரிசை எத்தனை நுட்பமானது என்பது விளங்கும். பருத்தியின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகிறது. அதனால்தான் கருங்கண்ணிப் பருத்தி இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக நின்றது. கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் மழை ஓய்ந்தபின் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் முடிந்துவிடுபவை. உளுந்து எழுபது நாள் சொச்சத்தில் கைக்கு வந்துவிடும். எனவே பயிரை மாற்றுவதைவிட நீர் இறங்கும் வழியை மாற்றுவது உங்களுக்குக் கூடுதல் பயன் தரும். கோடையில் சரிவுக்குக் குறுக்கே உழுது, மழைநீர் ஓடாமல் தேங்கி இறங்கப் பகுதிப் பாத்திகள் கட்டி, பருவமழை தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே, புரட்டாசியில், சோளத்தையும் பருத்தியையும் காய்ந்த மண்ணில் இரண்டு அங்குல ஆழத்தில் விதைத்துவிட்டால், சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல், மண் நன்றாக நனையும் முதல் பெருமழையில் முளைத்துச் சில நாட்களை மிச்சப்படுத்திக்கொள்ளும். 1901-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கரிசல் மானாவாரிதான் அவர்களின் தனித்துறை. உங்களுக்கு ஓரத்தில் செவல் (செம்மண்) துண்டு ஏதேனும் இருந்தால், கடலை ஆசையை அதில் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (நாமக்கல்லிலிருந்து): ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். இராமநாதபுரத்தில் பணி செய்தபோது, அங்கே ஆடியில் யாரும் விதைக்காததைக் கண்டு வியந்தேன். பழமொழி எல்லா ஊருக்கும் பொருந்தாதா?

பதில்: பொருந்தாது. பழமொழி பொய் என்பதாலன்று. அது ஒரு பகுதியின் பட்டறிவு, மற்றப் பகுதிகள் வாய்ப்பழக்கத்தால் ஏற்றுக்கொண்டது. தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர் என்றும், அதில் 48 சதவீதம் வடகிழக்குப் பருவத்திலும் 35 சதவீதம் தென்மேற்குப் பருவத்திலும் கிடைக்கிறது என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. இந்தச் சராசரியை நம்பி யாரும் விதைக்க முடியாது. ஊருக்கு ஊர் அந்த விகிதம் தலைகீழாகிவிடும். உங்கள் நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆடி முதல் புரட்டாசி வரை பெய்யும் மழை, அதற்குப் பின் பெய்யும் மழைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆடியில் விதைத்த துவரை கார்த்திகையில் பூக்கும்போது வடகிழக்குப் பருவத்தின் ஈரமும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் அதற்கு முன்பே களத்துக்கு வந்துவிடுகின்றன. பழமொழி பிறந்தது இப்படிப்பட்ட ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இராமநாதபுரத்தில் ஆடி என்பது புழுதி பறக்கும் காற்றுக் காலம். அங்கே நெல்லைக்கூட ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். ஐப்பசி மழையில் முளைத்துக் கண்மாய் நிரம்பியபின் அது நஞ்சைப் பயிராக மாறும். நாற்றுவிட்டு நடும் ஊர்க்காரருக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் கண்மாய் எப்போது நிரம்பும் என்று தெரியாத இடத்தில் நாற்றங்கால் வைப்பதைவிட இதுவே அறிவுடைமை. தாமிரபரணிப் பாசனத்தில் ஆனி, ஆடி மாதங்களில் கார் நெல் நடுகிறார்களே என்றால், அது அவர்கள் ஊரில் பெய்யும் மழையை நம்பியன்று. பொதிகை மலையில் பெய்யும் தென்மேற்கு மழையை ஆறு கொண்டுவந்து தருகிறது. ஐப்பசிக்குப் பின் வரும் பிசானத்துக்குத்தான் அவர்களுக்குச் சொந்த மழை. தென்மாவட்டங்களில், இரண்டு பருவமழையும் வயலிலேயே நேரடியாகப் பெய்வது கன்னியாகுமரியில்தான். அதனால் அங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்பருவம் இருந்தது. மலையடிவாரத்தில் ரப்பரும் கிராம்பும் நிற்கின்றன. வறட்சி மாதங்கள் நீண்டால் ரப்பர் பால் சுரக்காது. ஆண்டு மழையின் அளவைவிட அது ஆண்டு முழுதும் பரவியிருப்பதே அந்த மரத்துக்கு முக்கியம்.

கேள்வி (பல்லடத்திலிருந்து): நாங்கள் மேற்கு மண்டலத்தில் இருப்பதாக வேளாண் அலுவலகத்தில் சொல்கிறார்கள். பொள்ளாச்சியும் அதே மண்டலம்தானே, அங்கே தென்னை நிற்பதுபோல் இங்கே ஏன் நிற்பதில்லை? இந்த மண்டலங்களை யார், எதை வைத்துப் பிரித்தார்கள்?

பதில்: 1979-இல் தொடங்கிய தேசிய வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ், மழை, வெப்பம், மண், பயிர்முறை ஆகியவற்றை வைத்து நாடு முழுவதும் 127 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஏழு தமிழகத்தில் உள்ளன: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் பாசனப் பகுதி, தெற்கு, அதிக மழைப் பகுதி, மலைப்பகுதி. அதிக மழைப் பகுதி என்பது கன்னியாகுமரி மாவட்டம் மட்டுமே. ஒரே மாவட்டத்தின் வட்டங்கள் இரு மண்டலங்களில் பிரிந்து கிடப்பதும் உண்டு. ஆராய்ச்சி நிலையங்களை எங்கே அமைப்பது, எந்த இரகத்தை எங்கே சோதிப்பது என்பதற்கு இப்படி ஒரு பகுப்பு வேண்டும். தனி ஒருவர் தம் பத்து ஏக்கருக்கு அதையே அளவுகோலாகக் கொண்டால் ஏமாற்றம்தான்.

உங்கள் கேள்வியே இதற்குச் சான்று. வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அது தேயிலை நாடு. மலையிறங்கிப் பொள்ளாச்சிக்கு வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனினும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குச் சாரலும் குளிர்ந்த ஈரக்காற்றும், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீரும் அங்கே தென்னையை நிறுத்துகின்றன. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் நீங்கள் முழு மழைமறைவுப் பகுதியில் இருக்கிறீர்கள். காற்று வருகிறது, ஈரம் வருவதில்லை. அதனோடு உங்கள் வட்டாரத்தில் பல இடங்களில் செம்மண் இரண்டு அடிகூட ஆழமில்லை, கீழே சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் பாறை. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பித் தென்னை வைத்தவர்கள், நீர் இறங்கிப்போன ஆண்டில் மரம் மொட்டையாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். சோளமும் கொள்ளும் கால்நடையும் உங்கள் பகுதியில் வேரூன்றியதற்குக் காரணம் இதுதான். ஊரெல்லாம் கறிக்கோழி வளர்ப்புக்குப் போனதைக்கூட நான் ஒருவகையில் மண் எடுத்த முடிவு என்றே கருதுவேன்.

எந்த மண்டலம் என்று கேட்பதற்கு முன், உங்கள் நிலத்தில் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக மூன்றடி ஆழத்துக்கு இரண்டு குழிகள் தோண்டிப் பாருங்கள். வேர்கள் எந்த ஆழத்தில் நின்றுவிட்டன, எங்கே நிறம் மாறுகிறது, எந்த இடத்தில் மண்வெட்டி ‘டங்’ என்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி மண்ணை நனைத்து விரல்களுக்கிடையே அழுத்தி நாடாவாக நீட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு அறாமல் நீண்டால் களி மிகுந்த மண், உடனே உதிர்ந்தால் மணல். அரை நாள் வேலை இது.

கேள்வி (திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து): நெல்லில் ஒன்றும் மிஞ்சவில்லை, மாற்றுப் பயிருக்குப் போங்கள் என்று எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். கடைமடையில் இருக்கும் நாங்கள் மக்காச்சோளம், மஞ்சள், வாழை, தென்னை என்று போனால் தேறுமா?

பதில்: பேசுகிறவர்கள் கார்த்திகை மாதத்தில் உங்கள் வயலில் இறங்கி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும். உங்கள் பகுதியின் மண், காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த நுண்ணிய களி. ஆறு தன் கரையோரத்தில் பருமணலையும் வண்டலையும் முதலில் இறக்கிவிட்டு, மிக நுண்ணிய துகளைக் கடைசியில் கடலோரத்தில் இறக்கும். அதனால்தான் ஒரே டெல்டாவில், திருவையாற்றுப் பக்கத்துக் கொள்ளிடப் படுகையில் வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நிற்கின்றன. உங்களிடம் நெல் மட்டும் நிற்கிறது. இதோடு நிலம் கடல்மட்டத்துக்குச் சற்றே மேல் இருப்பதால் வடிகால் மெதுவாகத்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு புயல்சின்னம் நின்று பெய்தால் வாரக்கணக்கில் நீர் வடியாது. மக்காச்சோளத்தின் வேர் அந்த நீரில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் மூச்சுவிடாது. மஞ்சளின் கிழங்கு அழுகிவிடும். நெல்லுக்கு மட்டும் தண்டிலிருந்து வேர்வரை காற்றுச் செல்லும் அறைகள் உண்டு. ஆகவே மழைக்காலத்தில் நெல் உங்கள் விருப்பத் தேர்வன்று. அங்கே உயிரோடு நிற்கக்கூடிய பயிர் அது ஒன்றுதான்.

எந்த நெல் என்பதில்தான் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. அதையும் பெரும்பாலும் மேட்டூர் அணைதான் முடிவு செய்கிறது. ஜூன் 12-ஆம் நாள் அணை திறந்தால், ஏறத்தாழ 110 நாள் வயதுள்ள குறுவையை ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அறுத்துவிட்டு, அதே வயலில் அடுத்த நெல்லான தாளடியை நடலாம். திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் குறுவையின் கதிர் சரியாக மழையில் சிக்கும். அப்போது குறுவையை விட்டுவிட்டு, சி.ஆர். 1009 போன்ற 150 நாளுக்கு மேற்பட்ட இரகத்தை ஆவணியில் தொடங்கி, மழையெல்லாம் பயிர்வளர்ச்சிக் காலத்தில் கழிந்து தையில் கதிர் முற்றும்படி வைத்துக்கொள்வதுதான் ஒற்றைச் சம்பா. மேல்மடையில் இருப்பவர்கள் அணை திறக்காவிட்டாலும் பம்புசெட் வைத்துக் குறுவை எடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு நிலத்தடி நீர் உப்பு என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

மாற்றுப் பயிருக்கு இடம் இருப்பது தைக்குப் பின்தான். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பயற்றையோ தெளித்துவிடும் வழக்கம் டெல்டாவின் பெரிய கண்டுபிடிப்பு. உழவு இல்லை, பாசனம் இல்லை. களியில் எஞ்சிய ஈரமும் பனியும் போதும். ஆனால் அறுவடை இயந்திரம் வந்தபின், அதன் சக்கரத்தடியில் இளஞ்செடிகள் நசுங்குவதால் பலர் இதை விட்டுவிட்டார்கள். அறுவடை முடிந்தபின் விதைத்தால் அந்த மெழுகுப் பதம் போய்விடுகிறது. சங்கிலிப் பட்டை பொருத்திய இயந்திரத்தை அமர்த்திக்கொள்ள முடிந்தால் சேதம் குறையும். நெல் தரிசில் மாசிப் பருத்தி போடுவோரும் உண்டு. பஞ்சு வெடிக்கும் நேரத்தில் கோடை மழை வந்தால் நட்டம் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில் அது செழித்தது அங்குள்ள இளகிய, நீர் வடியும் செம்மணற்பாங்கான மண்ணால். அதுவும் காவிரி நீர் பாயும் பகுதிதான், ஆனால் அது கல்லணைக் கால்வாயின் புது டெல்டா. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்த பிறகும், மீண்டும் அவர்கள் தென்னங்கன்றே வைத்தார்கள் என்றால், அந்த மண்ணுக்கு அது அவ்வளவு ஒத்திருக்கிறது என்று பொருள். உங்கள் களியில் மேடை போட்டு வரப்போரம் வைக்கலாமே ஒழிய, தோப்பாக வேண்டாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. வெள்ளை பூத்த வயலுக்கெல்லாம் ஜிப்சம் போடச் சொல்லி வியாபாரிகள் வருகிறார்கள். கடல்நீர் ஏறியதால் மேலே வெள்ளை உப்புப் பூப்பது உவர் நிலம். அதற்கு ஜிப்சம் பயன்படாது, நல்ல நீரைக் கட்டி வடிப்பதுதான் மருந்து. நனைந்தால் வழுக்கி, காய்ந்தால் இறுகி, கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் நிற்பது களர் நிலம், ஜிப்சம் அதற்குத்தான். மண்பரிசோதனைச் சீட்டில் உப்பின் அளவும் கார அமில நிலையும் தனித்தனி எண்களாகவே இருக்கும்.

கேள்வி (உதகமண்டலத்திலிருந்து): காரட், முட்டைக்கோசு நிலத்துக்குச் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள், தேயிலைக்கு வேண்டாம் என்கிறார்கள். ஒரே மலை, ஒரே மண்தானே?

பதில்: மண் ஒன்றுதான், பயிரின் பிறப்பிடம் வேறு. மிகுந்த மழை நீலகிரி மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் காலங்காலமாகக் கழுவிக் கொண்டுபோய்விட்டதால் அது புளிப்பு மண். தேயிலை கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணைத்தான் விரும்பும். அதற்கும் கீழே போனாலொழியச் சுண்ணாம்பு வேண்டாம். முட்டைக்கோசும் பீட்ரூட்டும் 6-ஐ ஒட்டிய நிலையைக் கேட்பவை. புளிப்பு மண்ணில் கோசுக்கு வேர் வீங்கித் திரளும் நோயும் வரும். உங்கள் ஊர் வேலியோரத்தில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறதல்லவா? அதுவே மண்ணின் புளிப்புக்கு இலவசச் சோதனைச் சீட்டு. சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அது இளஞ்சிவப்பாகிவிடும். மார்கழி, தையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி உறைபனியாகும் என்பதால், உறைபனியில் இலை கருகும் தேயிலையைப் பள்ளத்தின் அடியில் வைக்காமலிருப்பது நல்லது.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து): ஒட்டன்சத்திரம் அருகே நிலம் வாங்கியிருக்கிறோம். சமவெளியிலேயே ஆப்பிள் காய்ப்பதாகக் காணொளிகளில் காட்டுகிறார்கள். வைக்கலாமா?

பதில்: காணொளியில் காட்டுவது நான்கு காய், நீங்கள் கேட்பது தோட்டம். நல்ல ஆப்பிள் இரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியசுக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மணிநேரம் உறக்கம் வேண்டும். உங்கள் நிலம் ஒரு மணிநேரம்கூட அந்தக் குளிரைக் காணாது. குறைந்த குளிரில் பூக்கும் இரகங்கள் உண்டு, அவை வீட்டுத் தோட்டத்து ஆசைக்கு. புதுமைதான் வேண்டுமென்றால், உங்களுக்கு மேலே தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிற்கும் வெண்ணெய்ப் பழத்தைப் போய்ப் பாருங்கள், அதுவும் மலைக்கு. அடிவாரத்துச் செம்மண்ணுக்கு முருங்கையும் மாவும் நெல்லியும் அலுப்பூட்டுபவையாகத் தோன்றலாம். அவை பலன் தருகின்றன.

கேள்வி (யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து): நாங்கள் வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் செய்கிறோம். கிளிநொச்சியில் உறவினர் நெல் செய்கிறார்கள். இரண்டுமே உலர் வலயம் என்றுதான் சொல்லப்படுகிறது. இந்த வேறுபாடு எதனால்?

பதில்: இலங்கையில் ஆண்டு மழை 1,750 மில்லிமீட்டருக்குக் குறைந்த பகுதி முழுவதும் உலர் வலயம், 2,500-க்கு மேல் ஈர வலயம், நடுவில் இருப்பது இடை வலயம். மழை, மண், உயரம் ஆகியவற்றைக் கொண்டு இவை மேலும் 46 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வானத்தைப் பொறுத்தவரை நீங்களும் உறவினரும் ஒரே நிலையில்தான். இருவருக்குமே மழை ஐப்பசி முதல் மார்கழி வரை, காலபோகத்தில். வேறுபாடு காலடியில் இருக்கிறது. வலிகாமத்தின் செம்மண் சுண்ணாம்புப் பாறையின் மேல் படர்ந்த, மிக விரைவாக நீர் இறங்கும் மண். அதில் நீரைக் கட்டி நெல் வைப்பது சல்லடையில் நீர் நிறுத்துவது போன்றது. ஆனால் அப்படி இறங்கிய மழைநீர் பாறையின் வெடிப்புகளில், கடல்நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துச் சிறு பாத்திகளில் அளந்து விடும் தோட்டப் பயிர்களே உங்கள் மண்ணுக்கு ஏற்றவையாயின. உருளைக்கிழங்குக்குக் குளிர்ந்த இரவுகள் தேவைப்படுவதால் அது கார்த்திகை, மார்கழியில் தொடங்குகிறது. கிளிநொச்சியில் நீர் எளிதில் இறங்காத மண்ணும், சரிவில் குளம் கட்டத் தக்க நிலமும் இருப்பதால், இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தோடு, இரண்டாம் பருவமான சிறுபோகமும் நெல் செய்ய முடிகிறது.

மழை இறங்கும் அதே வழியில் நீங்கள் இடும் யூரியாவும் இறங்குகிறது. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைட்ரேட் மிகுவதற்கும், அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உப்புநீர் மேலேறுவதற்கும் காரணம் அந்த மண்ணின் இதே குணம்தான். வெங்காயத்துக்கு உரத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்து இடுங்கள்.

கேள்வி (அருப்புக்கோட்டையிலிருந்து): மூன்றாண்டு முன்பு வைத்த மாங்கன்றுகளின் இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. எரு போட்டும் பயனில்லை. குழி தோண்டும்போது வெள்ளை வெள்ளையாகக் கற்கள் வந்தன.

பதில்: அந்தக் கற்களிலேயே விடை இருக்கிறது. அவை சுக்கான்கல். ஒரு கல்லைப் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். சிறு நுரை எழுந்தால் சுண்ணாம்பு உறுதி. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. நீங்கள் காண்பது இரும்புப் பற்றாக்குறை. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கலந்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, தளிர் விடும் காலத்தில் இரண்டு மூன்று முறை மாலையில் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். அடுத்த தளிரில் மீண்டும் வெளிறும், மீண்டும் தெளிக்க வேண்டும். சுக்கான் அடுக்கு இரண்டு அடிக்கு மேலேயே தொடங்கும் பகுதியில் இனி மாங்கன்று வைக்க வேண்டாம். செத்த கன்றுகளின் இடத்தில் பெருநெல்லி, இலந்தை, புளி இவற்றில் ஒன்றை வையுங்கள். நிலம் முழுவதும் சுக்கான் ஒரே ஆழத்தில் இருக்காது. கன்று நன்றாக இருக்கும் ஓர் இடத்திலும் வெளிறிய ஓர் இடத்திலும் தனித்தனியே மண் எடுத்து, பைகளில் அடையாளம் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் கலந்து அனுப்பினால் பரிசோதனைக்கூடம் தரும் எண் உங்கள் நிலத்தில் எந்த இடத்துக்கும் உரியதாக இராது.